அனான்சே குழந்தைக் கதை ஆனது எப்படி?

தமிழில் வரும் சிறுவர் கதைத் தொகுப்புகளைப் புரட்டினால் ஜப்பான் நாட்டுக் கதை, ரஷ்ய நாட்டுக் கதை என்று வரிசையாக வரும். அதே வரிசையில் 'ஆப்பிரிக்க நாட்டுக் கதை' என்றும் ஒன்று இருக்கும். ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை, 54 நாடுகள் உள்ள கண்டம், அங்கே பேசப்படும் மொழிகள் ஏறக்குறைய 2000 என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் தலைப்பு மாறுவதில்லை. வெறும் பூகோளப் பிழை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஊர்ப்பெயர் போனால் அதோடு வேறு பலதும் போய்விடுகிறது: அந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னார்கள், எந்த நேரத்தில் சொன்னார்கள், யாரை நினைத்துச் சிரித்தார்கள், கேட்டவர்கள் நடுவில் என்ன பாடினார்கள் எல்லாமே. மிஞ்சுவது ஒரு விலங்கு, ஒரு தந்திரம், கடைசியில் ஒரு நீதி. ஆப்பிரிக்கக் கதைகள் என்றாலே இவ்வளவுதான் என்று நம் பிள்ளைகளும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கண்டம் முழுவதையும் பேச இடமும் போதாது, அப்படிப் பேசினால் நானும் அதே தவறைத்தான் செய்தவன் ஆவேன். அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய கானா நாட்டில் வாழும் அக்கான் மக்களின், அவர்களிலும் குறிப்பாக அசாந்தே மக்களின், சிலந்தி. பெயர் க்வாக்கு அனான்சே. அக்கான் வழக்கத்தில் பிறந்த கிழமையை வைத்துப் பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு, க்வாக்கு என்றால் புதன்கிழமை பிறந்த ஆண். அனான்சே என்றால் சிலந்தி. சில கதைகளில் அவன் எட்டுக் காலோடு சுவரில் ஓடுவான், சில கதைகளில் மனைவி ஆசோவோடும் மகன் ந்திக்குமாவோடும் ஊருக்குள் குடித்தனம் நடத்தி, வயலுக்குப் போய், கடன் வாங்கி, மாமியார் வீட்டுத் துக்கத்துக்கும் போவான். ஒரே கதைக்குள் இரண்டுமாக இருப்பான். கேட்பவர்கள் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

அவனுடைய கதைகளில் மிகப் பிரபலமானது, கதைகள் அவன் சொத்தான கதை. முன்பு எல்லாக் கதைகளும் ஆகாயக் கடவுளான நியாமேயிடம் இருந்தன. அனான்சே போய் விலைக்குக் கேட்கிறான். அதற்கு நியாமே சொல்லும் பதிலைக் கவனியுங்கள்: கொக்கோஃபு, பெக்வாய், அசுமென்யா போன்ற பெரிய ஊர்க்காரர்களே வந்து வாங்க முடியாமல் திரும்பிப் போனார்கள், நீயா வாங்கப் போகிறாய்? இந்த மூன்றும் அசாந்தே நாட்டில் நிஜமாகவே இருக்கிற ஊர்கள். அதாவது கடவுளும் சிலந்தியும் பேசிக்கொள்ளும் இந்தக் கதை ஏதோ ஒரு காட்டில் நடக்கவில்லை, கேட்டவர்கள் நடந்து போய்ச் சந்தை பார்த்து வரக்கூடிய ஊர்களுக்கு நடுவே நடக்கிறது. 'பெரிய ஊர்க்காரர்களால் முடியாததை இந்தப் பொடியன் செய்யப் பார்க்கிறான்' என்ற சிரிப்பு அந்த ஊர்ப்பெயர்களில்தான் இருக்கிறது.

நியாமே கேட்ட விலை நான்கு. ஒனினி என்ற மலைப்பாம்பு, ஒசேபோ என்ற சிறுத்தை, மொபோரோ என்ற குளவிக் கூட்டம், மொவாத்தியா என்ற காட்டுக் குட்டித் தேவதை. சரி, தருகிறேன் என்கிறான் அனான்சே. அதோடு விட்டானா? என் அம்மாவையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறான். வீட்டுக்கு வந்து ஆசோவிடம் சொல்கிறான், அவள்தான் வழி சொல்கிறாள். பனைக்கிளை ஒன்றையும் கொடியையும் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போ, இந்தக் கிளை நீளமா அந்தப் பாம்பு நீளமா என்று நாம் இரண்டு பேரும் சண்டை போடுவதுபோல் பேசிக்கொண்டே போ என்கிறாள். பாம்புக்கு அதைக் கேட்டுப் பொறுக்கவில்லை, தானே வந்து கிளையோடு கிளையாக நீட்டிப் படுக்கிறது, அனான்சே கட்டிவிடுகிறான். குளவிகளுக்கு ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தண்ணீர்: பாதியைக் குளவிகள் மேல் தெளித்து, மீதியைத் தன் மேல் ஊற்றிக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு வாழையிலையைப் பிடித்தபடி, மழை வந்துவிட்டது, வாருங்கள், காலிக் குடுக்கைக்குள் ஒதுங்குங்கள் என்கிறான். நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போகின்றன. சிறுத்தைக்குக் குழி. தேவதைக்கு, மரத்தில் செதுக்கிய பொம்மை ஒன்று: உடம்பு முழுக்க மரப்பால் பிசின், கையில் மசித்த வள்ளிக்கிழங்கு. கிழங்கைத் தின்ற தேவதை நன்றி சொல்கிறாள், பொம்மை பதில் பேசவில்லை. கோபத்தில் ஓங்கி அறைகிறாள், கை ஒட்டிக்கொள்கிறது, இன்னொரு கை, அப்புறம் கால்.

கடைசியில் நான்கையும், சொன்னபடி தன் வயதான அம்மாவையும் கொண்டுபோய் நிறுத்துகிறான். நியாமே சபையைக் கூட்டுகிறார். அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள் என்று கதை பட்டியல் போடுகிறது, அது அப்படியே அசாந்தே அரசவையின் தலைவர்களும் படைப்பிரிவுகளும்தான். பெரிய அரசர்கள் வந்தும் முடியாததை அனான்சே முடித்துவிட்டான், இனி இவற்றை ஆகாயக் கடவுளின் கதைகள் என்று யாரும் சொல்லக் கூடாது, சிலந்திக் கதைகள் என்றே சொல்ல வேண்டும் என்று அறிவிக்கிறார். அன்றிலிருந்து அக்கான் மக்கள் கதை சொல்வதையே அனான்சேசெம் என்கிறார்கள். அனான்சே தலைகாட்டாத கதைக்கும் அதே பெயர்தான்.

இந்த வடிவத்தைப் பதிவு செய்தவர் ராட்ரே. 1881இல் இந்தியாவில் பிறந்த பிரிட்டிஷ்காரர், தங்கக் கடற்கரை என்று அன்று அழைக்கப்பட்ட காலனியில் அரசாங்க மானுடவியலாளராக இருந்தவர். அவர் கதை சேகரித்த நேரத்தில் அசாந்தே பேரரசு தோற்றுப் போயிருந்தது. அரசர் பிரெம்பேயை 1896இல் பிடித்துக்கொண்டு போன பிரிட்டிஷார் பிறகு சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தி, 1924இல்தான் திரும்ப விட்டார்கள். அந்தச் சூழலில் அதிகாரியாகப் போன ஒருவரிடம் மக்கள் எவ்வளவு மனம் திறந்திருப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனாலும் ராட்ரே ஒரு நல்ல காரியம் செய்தார். 1930இல் வந்த அவருடைய தொகுப்பில் ஒரு பக்கம் சொன்னவர்களின் ட்வி மொழியிலேயே கதை, எதிர்ப்பக்கம் ஆங்கிலம், கூடவே அந்தக் காலனியின் ஓவியர்களே வரைந்த படங்கள். அவர் தன் இஷ்டத்துக்கு மெருகேற்றியிருந்தால் ட்வி தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடலாம். பின்னால் வந்த படப்புத்தகங்கள் பலவற்றுக்கும் இந்தத் தொகுப்புதான் ஊற்று.

கதை சொல்லும் விதத்தைப் பற்றி ராட்ரே எழுதியிருப்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இருட்டிய பிறகுதான் சொல்வார்கள். ஆரம்பிக்கும் முன்பே, நாங்கள் சொல்லப் போவது உண்மை என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்லவே இல்லை என்று ஒரு அறிவிப்பு. முடிக்கும்போது, நான் சொன்ன இந்தக் கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும் என்ற முடிப்பு. நடுவில் கேட்பவர்களில் ஒருவர் திடீரென்று குறுக்கிட்டு ஒரு பாட்டை எடுப்பார், எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், சிலர் எழுந்து நடித்தும் காட்டுவார்கள். இந்த இடைப்பாட்டுக்கு மொகுவோ என்று பெயர். கதை எங்கேயாவது தொய்ந்தால் தூக்கி நிறுத்துவது கேட்பவர்களின் வேலை.

அப்புறம் அந்த 'உண்மை இல்லை' என்ற அறிவிப்பு. சாதாரண நாளில் வாயே திறக்கக் கூடாத விஷயங்கள், அதாவது தலைவரின் பேராசை, பூசாரியின் பொய், கடவுளின் அசட்டுத்தனம், படுக்கையறைச் சமாச்சாரம் எல்லாம், இந்த அறிவிப்புக்குப் பிறகு அந்த இரவில் வெளியே வரும். ஒருவர் மேல் மனத்தாங்கல் இருந்தால் அவர் பெயரைச் சொல்லாமல், அவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திலேயே, அனான்சே செய்ததாக அதைச் சொல்லிவிடலாம். ஊரே சிரிக்கும். சம்பந்தப்பட்டவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். தலைவர்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்த சமூகத்தில், நேரில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வாசல் இது. ராட்ரே தன் புத்தகத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், மனிதர்களின் பெயர் வர வேண்டிய இடத்தில் விலங்குகளின் பெயர் வந்ததற்கே இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்றும் ஊகிக்கிறார். குழந்தைகளும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், பாட்டில் சேர்ந்துகொண்டார்கள், பாதிக் கதையில் தூங்கியும் போனார்கள். ஆனால் அவர்களுக்காக மட்டும் கதைகள் சொல்லப்படவில்லை.

இதைத் தெரிந்துகொண்டால்தான் அனான்சேயின் குணமும் புரியும். அவன் நல்லவன் இல்லை. பஞ்ச காலத்தில் பெண்டாட்டி பிள்ளைக்குக் கொடுக்காமல் தான் மட்டும் தின்பவன். மாமியார் வீட்டுத் துக்கத்துக்குப் போன இடத்தில், பட்டினி விரதம் இருப்பதாக ஊருக்கு முன் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கொதிக்கும் அவரையைத் தொப்பிக்குள் ஒளித்து, அந்தத் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, சூடு தாங்காமல் ஆடி, எங்கள் ஊரில் இன்று தொப்பி ஆட்டும் திருவிழா என்று சமாளித்துத் தலை முடியெல்லாம் இழந்தவன் அவன். உலகத்து அறிவு முழுவதையும் ஒரு குடத்தில் அடைத்து, யாருக்கும் கிடைக்காமல் மர உச்சியில் வைக்கப் போவான். குடத்தை வயிற்றுப் பக்கம் கட்டிக்கொண்டதால் ஏற முடியாமல் சறுக்குவான். கீழே நிற்கும் மகன் ந்திக்குமா, முதுகுப் பக்கம் கட்டிக்கொள்ளலாமே அப்பா என்பான். எல்லா அறிவும் குடத்தில் இருக்கும்போது இந்தப் பயலுக்கு எங்கிருந்து வந்தது என்ற கோபத்தில் குடத்தைத் தூக்கிப் போடுவான், அறிவு ஊரெல்லாம் சிதறும். சில கதைகளில் அகப்பட்டு அடிபடுவான், சிலவற்றில் முழுசாகத் தப்பித்துவிடுவான். தப்பிக்கும் கதைகளுக்கு நீதி எழுத முடியாது. எழுத முயன்றால் திருடு ஆனால் மாட்டிக்கொள்ளாதே என்றுதான் வரும்.

இந்தச் சிலந்தி எப்படிக் கடல் கடந்தது என்பது கொடுமையான வரலாறு. தங்கக் கடற்கரையில் போர்ச்சுகீசியர் 1482இல் எல்மினாக் கோட்டையைக் கட்டினார்கள், பிறகு டச்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் வரிசையாகக் கோட்டைகள் கட்டினார்கள். அந்தக் கோட்டைகளின் நிலவறைகள் வழியாகக் கப்பலில் ஏற்றப்பட்ட அக்கான் மக்கள் ஜமைக்காவிலும் சுரினாமிலும் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டார்கள். எடுத்துச் செல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, கதைகள் மட்டும் போயின. சுரினாமில் அனான்சி தோரி, குராசாவ் தீவில் நான்சி, அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் ஆன்ட் நான்சி என்று ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறியது. ஜமைக்காவில் இறந்தவருக்காக ஒன்பது இரவு விழித்திருக்கும் வழக்கம் உண்டு, அந்த இரவுகளில் அனான்சி கதை சொல்வார்கள். அதாவது அங்கேயும் அது பெரியவர்கள் கூடும் இடத்துக் கதையாகத்தான் இருந்தது.

ஆனால் கதைக்குள் ஒன்று மாறிவிட்டது. ஜமைக்கா வடிவங்களில் அனான்சி கதைகளை வாங்குவது ஆகாயக் கடவுளிடம் இல்லை, புலியிடம். காட்டில் எல்லாமே புலியின் பெயரில் இருக்கிறது, கதைகளுக்கும் என் பெயர் வேண்டும் என்று பலம் இல்லாத சிலந்தி கேட்கிறது. ஜமைக்காவில் புலியே கிடையாது, ஆப்பிரிக்காவிலும் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஆங்கிலேயர்கள் சிறுத்தையைப் புலி என்று சொல்லிப் பழகியிருந்தார்கள், ஒசேபோதான் அந்தப் பெயரில் கப்பலேறியிருக்க வேண்டும். தோட்ட முதலாளியின் சவுக்குக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்குப் புலி யார் என்று விளக்கத் தேவை இருந்திருக்காது. அசாந்தேயில் அனான்சேயின் தந்திரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் சுதந்திரமான ஊரில் உட்கார்ந்து தங்கள் சொந்தத் தலைவர்களைக் கேலி செய்தவர்கள். ஜமைக்காவில் அதே தந்திரம் உயிர் பிழைக்கும் வழியாகிவிட்டது. விடுதலைக்குப் பிறகும் அங்கே இந்தச் சர்ச்சை ஓயவில்லை. ஏமாற்றிப் பிழைப்பதைப் புகழும் இவனைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று ஒரு தரப்பு, நம் முன்னோர் உடையாமல் நின்றதே இவனால்தான் என்று இன்னொரு தரப்பு. என் சார்பு இரண்டாவது பக்கம்தான், ஆனால் முதல் தரப்பின் கவலையும் உண்மையானது. கதை சொல்பவர்களே அதற்கு ஒரு முடிப்பு வைத்திருக்கிறார்கள்: ஜாக் மண்டோரா, இதில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லித்தான் கதையை முடிப்பார்கள். நடந்ததைச் சொன்னேன், பழி என் மேல் இல்லை என்ற பொருளில். அசாந்தே இரவில் 'உண்மை என்று நாங்கள் சொல்லவில்லை' என்று தொடங்கினார்களே, அதனுடைய உறவுதான் இது.

நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்றும் இந்த இடத்தில் இருக்கிறது. அந்தப் பிசின் பொம்மை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் சொன்ன முயல் கதையில் தார்ப் பொம்மையாக வருகிறது. கை, கால், தலை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும் இதே நிகழ்ச்சி பாலி மொழி ஜாதகக் கதைகளில் ஐந்து ஆயுத இளவரசன் கதையிலும் உண்டு, பிசின் முடி கொண்ட ஒரு அரக்கனை அவன் அடிக்கிறான். எஸ்பினோசா என்ற அறிஞர் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைத் திரட்டி, இதன் பிறப்பிடம் இந்தியா என்று 1930இல் வாதிட்டார். மற்றவர்கள் அதை ஒப்பவில்லை. பிசின் வைத்துப் பறவை பிடிக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒரு கதை தானாகவே தோன்றலாம் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. நம் ஊரிலிருந்து போனது என்று பெருமைப்பட்டுக்கொள்ள இதில் அவசரம் வேண்டாம்.

சரி, இரவுக் கூட்டத்துக் கதை எப்போது படுக்கையறைப் படப்புத்தகம் ஆனது? பெரிய திருப்பம் அமெரிக்காவில் 1960களின் முடிவில் நடந்தது. கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு பள்ளிகளும் நூலகங்களும் கறுப்பினப் பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொள்ளக்கூடிய புத்தகங்களைத் தேடின, பதிப்பகங்கள் ஆப்பிரிக்க நாட்டார் கதைகளின் பக்கம் திரும்பின. கதைகள் அனான்சேயின் சொத்தான கதையை கெயில் ஹேலி படங்களோடு சொன்ன புத்தகத்துக்கு 1971இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது, அமெரிக்காவில் படப்புத்தகத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு அது. மரச்செதுக்கு ஓவியங்கள் அவ்வளவு அழகு. ஆனால் அதில் விலை நான்கு இல்லை, மூன்று, மலைப்பாம்பைக் காணோம். அம்மாவைக் கொண்டுபோய்க் கொடுத்த மகனும் இல்லை. வழி சொன்ன ஆசோவும் இல்லை, எல்லாத் தந்திரமும் அனான்சேயுடையதே. கொக்கோஃபுவும் பெக்வாயும் போய்விட்டன.

அம்மாவை எடுத்ததற்குக் காரணம் புரிகிறது, நான்கு வயதுப் பிள்ளையிடம் அதை விளக்குவது சிரமம்தான். ஆனால் ஆசோவை எடுத்தது பெரிய இழப்பு. ராட்ரே பதிவு செய்த வடிவத்தில் அவள் இல்லாவிட்டால் கதையே நகராது. பாம்புக்கு அவள் யோசனை, குளவிக்கு அவள் யோசனை. புகழ் மட்டும் கணவனுக்கு. அசாந்தே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த இடத்தில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்று கிடைக்கும் பெரும்பாலான சுருக்கங்களில் அவள் பெயர்கூட இல்லை.

எல்லாப் படப்புத்தகமும் இப்படிச் சுருக்கியது என்று சொல்ல மாட்டேன். 1973இல் கால்டிகாட் கௌரவம் பெற்ற ஜெரால்டு மெக்டெர்மாட்டின் புத்தகம் இன்னொரு அசாந்தே கதையைச் சொல்கிறது. அதில் அனான்சேக்கு ஆறு மகன்கள், ஒவ்வொருவனுக்கும் ஒரு திறமை: ஒருவன் தூரத்து ஆபத்தைப் பார்ப்பான், ஒருவன் வழி அமைப்பான், ஒருவன் ஆற்றையே குடிப்பான். அப்பாவை மீன் விழுங்கி, அப்புறம் பருந்து தூக்கிக்கொண்டு போக, ஆறு பேரும் சேர்ந்து மீட்கிறார்கள். காட்டில் கிடைத்த ஒளி உருண்டையை யாருக்குப் பரிசாகக் கொடுப்பது? முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் முடிவு செய்யும்வரை நான் வைத்திருக்கிறேன் என்று நியாமே வானத்தில் வைத்துவிடுகிறார், அதுதான் நிலா. முடிவு இன்னும் வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இப்படிக் கேள்வியோடு நிற்கும் கதைகள் தனி வகையாகவே உண்டு, கதை முடிந்ததும் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். நீதிக் கதைக்குப் பழகிய நம் வகுப்பறைகளுக்கு இந்த வகை மிகவும் தேவை என்பேன். ஆறு பேரில் யாருக்கு நிலா என்று கேட்டால் எந்தக் குழந்தையும் சும்மா இருக்காது.

வெளிநாட்டில் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். கானா 1957இல் விடுதலை அடைந்ததும் அனான்சேயைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தவர் எஃபுவா சதர்லாந்து. அக்ராவில் நாடக அரங்கம் அமைத்தவர், அதோடு நிற்காமல் எக்கும்ஃபி வட்டாரத்தில் கதை சொல்வதற்குப் பேர்போன அத்வியா என்ற கிராமத்துக்குப் போய், அந்த ஊர் மக்களோடு சேர்ந்து கொட்சிடான் என்ற கதை வீட்டை எழுப்பினார். அவருடைய புகழ்பெற்ற நாடகத்தில் அனான்சே காசில்லாத ஒரு அப்பா. மகளைக் கட்டித் தருவதாக நான்கு தலைவர்களிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பரிசுகளை வாங்கிக்கொண்டு, நான்கு பேரும் ஒரே நேரத்தில் வருவதாகத் தெரிந்ததும் மகளைச் செத்ததுபோல் படுக்க வைக்கிறான். இடைப்பாட்டு, கூட்டத்தின் குறுக்கீடு எல்லாம் நாடகத்திலும் உண்டு. பெரியவர்களுக்கான நையாண்டி அங்கே பெரியவர்களுக்கே திரும்பி வந்தது. குழந்தைகளுக்காகவும் அவர் நிறைய உழைத்தார், ஆனால் இரண்டையும் குழப்பவில்லை. பின்னால் கானா தொலைக்காட்சியில் மாமே தொக்கோனோ என்று அழைக்கப்படும் நடிகை நடத்திய 'நெருப்போரம்' என்ற நிகழ்ச்சியில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, பாடிக்கொண்டே அனான்சே கதை கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது.

இதே காலத்தில் நைஜீரியாவில் நாவலாசிரியர் சினுவா அச்செபே வேறு ஒரு பக்கத்திலிருந்து குழந்தை இலக்கியத்துக்கு வந்தார். லாகோசில் தன் சின்ன மகளுக்குப் பளபளப்பான வெளிநாட்டுக் கதைப்புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் அவற்றில் ஒன்றைத் தானே படித்துப் பார்த்தார். வெள்ளைக்காரச் சிறுவன் விட்ட காற்றாடி ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் விழ, ஊரே நடுங்கி அதைக் கும்பிடும் கதை அது. அந்த ஆத்திரமும், அதே நேரத்தில் ஒரு பதிப்பகத்திலிருந்து வந்த கோரிக்கையும் சேர்ந்து, நைஜர் ஆற்றைக் கடக்க ஆசைப்படும் ஒரு சிறுவனின் கதை 1966இல் வந்தது. அடுத்த ஆண்டு நண்பரான கவிஞர் கிறிஸ்டோபர் ஒக்கிக்போவோடு சேர்ந்து எனுகுவில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். முதல் புத்தகத்துக்காக அவர்களிடம் வந்தது நாய் எப்படி வீட்டுப் பிராணி ஆனது என்ற பழங்கதை. அச்செபே அதைத் திருத்தத் தொடங்கி, திருப்பியே போட்டுவிட்டார்: நாய் துரோகி, சிறுத்தை தன் பிரஜைகளாலேயே கைவிடப்பட்ட நல்ல அரசன். வெளியே போர், நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவோடு நடந்த உள்நாட்டுப் போர். ஒக்கிக்போ அந்த ஆண்டே போர்முனையில் இறந்தார். புத்தகம் 1972இல்தான் வெளிவந்தது. பிள்ளைகள் படிக்கும் விலங்குக் கதை, ஆனால் பியாஃப்ராப் போரைப் பார்த்தவர்களுக்கு அதில் வரும் ஒவ்வொரு விலங்கும் யாரென்று தெரியும். அசாந்தே ஊர்களில் இரவில் அனான்சேயை வைத்துச் செய்த அதே வேலை.

கண்டத்தின் மற்ற இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அனான்சேயின் இடத்தில் யொருபா, இக்போ மக்களிடம் ஆமை, ஹவுசா மக்களிடம் கிசோ என்ற இன்னொரு சிலந்தி, கிழக்கில் சுங்குரா என்ற முயல். தொடங்கும் முறையும் மாறும். சுவாஹிலியில் சொல்பவர் பாவுக்வா என்றால் கேட்பவர்கள் பாக்காவா என்பார்கள், ஜூலுவில் க்வாசுக்காசுக்கேலா என்றால் சோசி. பதில் குரல் வந்தால்தான் கதை நகரும்.

இப்போது தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவை எப்படிக் கிடைக்கின்றன என்று பார்ப்போம். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற திட்டம் தென்னாப்பிரிக்காவிலிருந்து இயங்குகிறது. அங்கங்கே உள்ள ஆசிரியர்களும் நூலகர்களும் தங்கள் ஊர் மொழிகளில் எழுதிய படக்கதைகளை இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். உரிமம் திறந்தது, யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இந்தக் கதைகளும் சேர்ந்துகொண்டதால், நடுவில் எந்தத் தொகுப்பாளரும் இல்லாமல் கென்யாவிலும் உகாண்டாவிலும் எழுதிய கதைகள் நம்மிடம் நேராக வருகின்றன. எழுதியவர் பெயரும் படம் வரைந்தவர் பெயரும் முதல் மொழியும் அதில் இருக்கும். நைரோபித் தெருவில் வளரும் சிறுவன், கால்பந்து அணியில் இடம் கேட்கும் சிறுமி, செடிகளோடு பேசிக்கொண்டே பள்ளிக்கு நடக்கும் குழந்தை என்று இன்றைய வாழ்க்கை நிறைய உண்டு. காடும் சிங்கமும் மட்டும்தான் ஆப்பிரிக்கா என்று நினைக்கும் பிள்ளைக்கு நாட்டார் கதைக்கு முன்னால் இவற்றைக் கொடுக்கலாம்.

அனான்சே கதையைச் சொல்லப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கானா, அசாந்தே என்று இடத்தைச் சொல்லுங்கள், வரைபடத்தில் குமாசி நகரத்தையும் அதன் தெற்கே இருக்கிற பெக்வாயையும் காட்டுங்கள். ஆசோவைக் கதைக்குள் திரும்பக் கொண்டு வாருங்கள். நடுவில் பாட்டு வைத்துக்கொள்ளுங்கள், தமிழிலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் குறுக்கிட்டுப் பாட வேண்டும் என்பதுதான் முக்கியம். அம்மாவைக் கொடுத்த இடத்தை வைப்பதா விடுவதா என்பது கேட்கும் பிள்ளையின் வயதைப் பொறுத்தது. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் என்றால் நான் வைப்பேன். அவன் செய்தது சரியா என்று அவர்களே கேட்பார்கள், அப்போது பதில் சொல்லாமல் பேச்சை அவர்களிடமே விட்டுவிடலாம்.